முன்பக்கம் ஒரே பல்சக்கரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கே விடுதியில் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பள்ளியின் சைக்கிள் குழுவுக்கு என்னை எடுக்கவில்லை. பெரிய விஷயமில்லை. புது சைக்கிளில் முன்பக்கம், மிதிகட்டையோடு சுற்றும் பல்சக்கரம் ஒன்று வேண்டுமா, இரண்டு வேண்டுமா என்று பயிற்சியாளர் எங்களையே எழுதித் தரச் சொன்னார். இரண்டு இருந்தால் மேட்டில் செயினைச் சின்னதற்கு மாற்றி எளிதாக மிதிக்கலாம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். என் அறைத்தோழிதான், "ரெண்டுன்னா செயின் கழண்டுக்கிட்டே இருக்கும்டி. ஒண்ணு போதும், ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதலாம்" என்றாள். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

சைக்கிள்கள் வந்த அன்றே தேர்வு வைத்தார்கள். அவளுடையதில் முன்பக்கம் இரண்டு பல்சக்கரம். தண்ணீர்த் தொட்டி மேட்டில் நான் எழுந்து நின்று மிதித்தும் மூச்சு வாங்கியது. அவள் உட்கார்ந்தபடியே என்னைத் தாண்டிப் போனாள்.

கேட்டால், "கடைசி நேரத்துல மாத்தி எழுதிட்டேன்டி, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்கிறாள். குழுவில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது என்பதை மட்டும் அவள் மறக்கவில்லை.

அம்மா, முடியைத் தோள்வரை வெட்டிக்கொள்ளட்டுமா? பின்னால் வகிடெடுக்க எனக்குக் கை எட்டவில்லை. இதுவரை அவள்தான் பின்னிவிடுவாள்.

படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்