சிபியாள் பெற்ற பிள்ளை

அஸ்தோத்தில் இருக்கும் அரிசாத்துக்கு, எருசலேமிலிருந்து எக்கோலியாள் எழுதுவது. நீயும் உன் சின்ன மகளும் சுகமாயிருக்க வேண்டும். உன்னைத் தம்பி மனைவி என்று எழுத இப்போது எனக்கு அனுமதியில்லை.

எண்ணெய் வியாபாரியிடம் நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. வாற்கோதுமை அறுப்பு முடிந்ததும் உன் மகன் சக்கூரை அழைத்துப்போக வருகிறாயாம். வராதே, அரிசாத். காரணத்தைச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில், அந்நிய மனைவிகளையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று சபை தீர்மானித்தபோது சக்கூருக்குக் காய்ச்சல். சின்னவளோடு நீ புறப்பட்டபோது, தணிந்ததும் அவனை அனுப்பி வைக்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தவள் நான். ஏழே நாளில் தணிந்துவிட்டது. ஆனால் என் தம்பி ஆனாயா பிள்ளையின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. "அக்கா, இவனும் போயிட்டா நம்ம வீட்டுப் பேர் சொல்ல யாரு இருக்கா?" என்று அழுதான். என்னால் அனுப்ப முடியவில்லை.

போன மாதம் வம்சப் பட்டியல் எழுதினார்கள். அதில் பெயர் ஏறாத பிள்ளைக்கு நிலத்தில் பங்கில்லை, ஊரிலும் இடமில்லை. ஆனாயா ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைத் தடங்கலில்லாமல் சொன்னான். அவர்களில் நான்காமவரைப் பெற்றவள் ஏதோம் நாட்டுக்காரி. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அங்கே யாரும் கேட்கவில்லை. சக்கூரின் முறை வந்தபோது மட்டும் தாய் யார் என்று கேட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து சிமேயி, "அந்த அஸ்தோத்காரி பெத்ததுதானேய்யா இது!" என்று கூட்டத்திலிருந்து கத்தினான்.

இல்லை, செத்துப்போன முதல் மனைவி சிபியாள் பெற்ற பிள்ளை என்றான் ஆனாயா. பிரசவம் பார்த்தவள் என்று என்னை நிறுத்தினார்கள். உன்னிடமிருந்து அவனை ஏந்திய இதே கையை உயர்த்தி, சிபியாள் பெற்றாள் என்று கர்த்தர் பெயரால் சத்தியம் செய்தேன். சிபியாள் செத்த காலத்தோடு கணக்குச் சரியாக வர, பிள்ளைக்கு ஒரு வயது கூட்டிச் சொன்னோம். எழுதிவிட்டார்கள்.

நீ வந்து உண்மையைச் சொன்னால் சக்கூரை உன் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனாயாவின் வீட்டையும் நிலத்தையும் பறித்துக்கொண்டு அவனைச் சபையிலிருந்து தள்ளுவார்கள். இதை உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். உன்னிடமும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிமேயியின் காதுக்குப் பயந்து, உன் பாஷையில் சக்கூர் தண்ணீர் கேட்டால் நான் கொடுப்பதில்லை. எங்கள் பாஷையில் கேட்கும்வரை குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது நன்றாகப் பேசுகிறான்.

முந்தாநாள், "அத்தை, எங்கம்மா எங்க?" என்றான். சிபியாளின் குகைக் கல்லறைக்கு அழைத்துப் போனேன். வாசல் கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, நான் இப்பல்லாம் ஒழுங்கா இருக்கேன், வெளியே வா" என்றான். பிள்ளையை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

உன்னைத் தடுக்க என்னிடம் நியாயம் ஒன்றுமில்லை. காலைப் பிடித்துத்தான் கேட்கிறேன். சின்னவளைப் பற்றி இங்கே யாரும் விசாரிக்கவில்லை. பெண் பிள்ளையைப் பட்டியல் தேடுவதில்லை. அவளை யாரும் உன்னிடமிருந்து பறிக்காதிருக்கட்டும். அவள் பெறும் பிள்ளைகளை நீ மடியில் வைத்துக் கொஞ்சுவாயாக. அவர்கள் தங்கள் பாட்டி என்று உன் பேரைச் சொல்லட்டும்.

உன் நாத்தனார்,
எக்கோலியாள்