சாரல் அரிசி

மதினி,

இன்று காலையில், இந்த வருஷத்து முதல் சாரலோடு மதுரைப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். மதுரைச் சித்தப்பாவின் பேரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, நடுவீட்டில் மஞ்சள் துணி மூட்டையை வைத்தான். ஈர மஞ்சளும் அரிசியும் கலந்த அந்த வாசனை வந்ததோ இல்லையோ, எனக்கு உங்கள் குரல் கேட்டுவிட்டது. "ஏட்டி, அளந்தாச்சா? பானையில போட்டாச்சா?" என்று செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று கேட்பீர்களே, அந்தக் குரல்.

பேரனின் பெண்டாட்டி கல்யாணமாகி முதல் தடவை வருகிறாள். என் வீட்டுக்காரர், உங்கள் அருமைத் தம்பி, அவளைச் சும்மா விடுவாரா? "இது எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல இருந்து வார வழக்கம்மா. சாரலுக்கு வாரவுக ஆளுக்கு ஒரு மரக்கால் அரிசி மஞ்சத் துணியில கட்டிக் கொண்டாரணும். முதல் கைப்பிடி குத்தாலநாதருக்கு. மிச்சம் வீட்டுப் பானைக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். போன வருஷம் வரை இது அவருடைய தாத்தா காலத்து வழக்கமாகத்தான் இருந்தது. இந்த வருஷம் ஒரேயடியாக இரண்டு தலைமுறை பின்னால் போய்விட்டது. இப்படியே விட்டால் பாண்டிய ராஜா காலத்தில் போய் நிற்கும். நான் அடுக்களையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தேன். கூடச் சிரிக்க நீங்கள் இல்லையே என்று அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது.

அந்த வழக்கத்தின் வயது என்ன என்று நம் இருவருக்கும்தானே தெரியும்? இப்போது எனக்கு மட்டும்.

நெல் விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷம் அது. வீடு கட்டுவார் இல்லை, மரம் வாங்குவாரும் இல்லை. செங்கோட்டை மர டிப்போவில் கணக்கெழுதிக்கொண்டிருந்த உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, "பாதிச் சம்பளத்துக்கு இருப்பதானால் இரும்" என்றார் முதலாளி. இருந்தார். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தவரிடம் நான் சொன்னேன்: "பாதிச் சம்பளம்தானே? முழுசா இல்லைன்னு சொல்லலையே. நான் பார்த்துக்கிடுதேன்."

வாய்ச் சவடால் இல்லை மதினி. கணக்கில் என்னை அசைக்க அன்றும் ஆளில்லை, இன்றும் இல்லை. காப்பிக்கொட்டையை நிறுத்தினேன், கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர் குடித்து யாரும் செத்துப்போகவில்லை. பாலை நிறுத்தி மோர் வாங்கினேன். காய்கறி மலிந்து கிடக்கும் நாளில் கத்தரி, சுண்டை, மிதுக்கங்காய் எல்லாவற்றையும் வற்றல் போட்டு வைத்தேன். அரிசிக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம். வீட்டுக்குள்ளே இருட்டாக ஓர் அரங்கு உண்டே, சாமான் வைக்கிற அறை, அங்கே நான்கு மண்பானை வைத்தேன். ஒரு மாதத்து அரிசியை நான்காகப் பங்கிட்டு, வாரத்துக்கு ஒரு பானை. ஒவ்வொன்றின் வாயிலும் துணியைப் போட்டு இறுக்கி முடிச்சு. வாரம் முடியும் முன்னே அரிசி தீர்ந்தால் அடுத்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. பழைய குருணையில் கஞ்சிதான். தையிலிருந்து வைகாசி வரை அப்படியே ஓட்டினேன். யாரிடமும் ஒரு சல்லி கைமாற்று வாங்கவில்லை.

ஆனால் ஆனி வந்துவிட்டதே. தென்காசியில் வீடு இருப்பவனுக்கு ஆனி பிறந்தால் சொந்தம் பெருகும். மலையில் மேகம் கருக்கல் கட்டியதும் மதுரையும் தூத்துக்குடியும் மூட்டை கட்ட ஆரம்பிக்கும். வருகிறவர்கள் வாரக்கணக்கில் இருப்பார்கள். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழியத் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பார்கள். அருவியில் ஒருவர் நின்றுவிட்டு வந்தால் இரண்டு பேர் சோற்றைச் சாப்பிடுவார். எந்தக் கணக்கு வாத்தியாரும் சொல்லித்தராத பெருக்கல் இது.

உங்கள் தம்பி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். என் அம்மா வீட்டில் எனக்குக் கொடுத்த வடகரை வயலை ஒத்திக்கு வைப்பது. பணம் கொடுத்தவன் கடன் தீரும்வரை வயலை உழுது விளைச்சலை அவனே எடுத்துக்கொள்வான். எங்களுக்குச் சோறு போட்டதே அந்த வயல்தான். பாதிச் சம்பளக்காரன் எந்தக் காலத்தில் அதை மீட்பது?

"விருந்துக்கு வயலைக் குடுத்துட்டு, அடுத்த வருச விருந்துக்கு மண்ணையா அள்ளிப் போட?" என்று கேட்டேன்.

"வாசல்ல வந்து நிக்கிற சொந்தத்தை வரவேண்டாம்னு சொல்லச் சொல்லுதியா?" என்றார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சாரல் முடிகிறவரை என் பானைகள் தாங்கினால் வயலை அவர் தொடுவதில்லை. தாங்காவிட்டால் ஒத்தி. கூடவே ஒரு கண்டிப்பு: "அக்கா காதுக்கு மட்டும் போயிரக் கூடாது."

அப்புறம் தூத்துக்குடியிலிருந்து நீங்கள் வந்தீர்கள், பிள்ளைகளும் நாத்தனார் பிள்ளைகளுமாக ஒரு வண்டி நிறைய. பிறந்த வீட்டுக்கு வருகிற பெண் வேறு எப்படி வருவாள்? நானும் சிரித்த முகமாகவே ஆக்கிப் போட்டேன். முதல் பானை மூன்றே நாளில் காலி. இரண்டாவது பானையும் அடி தெரிய ஆரம்பித்தபோது மதுரையிலிருந்து ஆள் வந்து, வெள்ளிக்கிழமை ரயிலில் சித்தப்பா குடும்பம் மொத்தமும் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் அரங்குக்குள் போய் மூன்றாவது பானைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். முடிச்சில் கை வைத்தேன். அவிழ்க்க மனம் வரவில்லை. அதை அவிழ்த்தால் வயல் கையை விட்டுப் போக ஆரம்பித்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் உளுந்து எடுக்க அங்கே வந்தீர்கள்.

"என்னட்டி, பானைக்கு முன்னால சாமி கும்பிடுத மாதிரி உக்காந்திருக்க?" என்றீர்கள். பிறகு பானைகளைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். "எங்க அம்மா இருந்த வரைக்கும் இந்த வீட்டு அரிசிக்கு மூடியே கிடையாது. யாரு கட்டுனா? எதுக்குக் கட்டுன?"

"உங்க தம்பி சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்றேன்.

"அவன் கிடக்கான். நீ சொல்லு."

சொன்னேன். பாதிச் சம்பளம், வயல், ஒப்பந்தம், எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொண்டு அன்றைக்கே வண்டி கட்டச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். "நான் பொறந்த வீட்டை நானே கறையானா அரிச்சிருக்கேனே ட்டி" என்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். உங்களை அப்படி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"வாரவுகளை ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டாரச் சொல்லலாமா மதினி?" என்று கேட்டேன்.

"கூறு இருக்கா உனக்கு? துட்டி வீட்டுக்குத்தான் அரிசி கொண்டு போவாக. விருந்துக்கு யாராவது அரிசியோட வருவாகளா?" என்று அதட்டினீர்கள். நம் பக்கத்து வழக்கம் அதுதான். சாவு வீட்டுக்கு அரிசி, விருந்து வீட்டுக்குப் பழம், பலகாரம். அதுவும் வந்த மருமகள் அரிசி என்று வாயெடுத்தால் ஊரே கஞ்சப்பிசினாறி என்று சொல்லும். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மறுநாள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். மற்றவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் அருவிக்கு அடியில் கண்ணை மூடி அசையாமல் நின்றீர்கள். குளிர்கிறது வாருங்கள் என்று நான் கூப்பிட்டது காதில் விழவேயில்லை. வெளியே வந்து தலையைத் துவட்டும்போது உங்கள் முகத்தில் ஒரு களை. "மருமக சொன்னா அது கஞ்சத்தனம். பொறந்தவ சொன்னா அது வழக்கம். வா ட்டி, சந்தைக்குப் போவோம்" என்றீர்கள்.

சாரல் முடிந்து திரும்பும்போது நீங்கள் கூடை கூடையாய் மங்குஸ்தான் வாங்கிப் போவீர்கள். அதற்கென்று வைத்திருந்த பணத்தில் அன்றைக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கினீர்கள். தூத்துக்குடிக்கு அந்த வருஷம் மங்குஸ்தான் போகவில்லை. முதல் கைப்பிடியைக் குற்றாலநாதர் சந்நிதியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்பனே, உம்ம பேரை இழுக்கப் போறேன். பொய்யி என்னது, பொறுப்பு உம்மது" என்று முணுமுணுத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா குடும்பம் வந்தது. அவர்கள் கை கால் கழுவும் முன்பே நீங்கள் உங்கள் மூட்டையை நடுவீட்டில் வைத்து, மரக்காலும் கையுமாக நின்றீர்கள். "சித்தப்பா, உங்க பங்கு அரிசி எங்க? சாரலுக்கு வாரவுக ஆளுக்கு ஒரு மரக்கா கொண்டாரணுமே. சாமிக்கு ஒரு கைப்பிடி வச்சிட்டுத்தான் அருவியில நிக்கணும். எங்க ஐயா காலத்துல அப்படித்தானே இருந்துச்சு. நடுவுல விட்டுப்போச்சு. விட்டதுனாலதான் குடும்பத்துக்குச் சோதனை மேல சோதனை."

யாரிடம் எதைச் சொல்கிறீர்கள்? சித்தப்பா உங்கள் ஐயாவின் கூடப்பிறந்த தம்பி. இதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இந்த வீட்டில் என்ன வழக்கம் இருந்தது, என்ன இல்லை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"அப்படியா?" என்று இழுத்தார் சித்தப்பா. "எனக்கு நினைவு இல்லையே."

"நீங்க அப்போ சின்னப் பிள்ளை" என்றீர்கள் நீங்கள், அவருக்குப் பின்னால் கால் நூற்றாண்டு கழித்துப் பிறந்தவர்!

அவர் உங்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நகை இல்லாத என் கழுத்தைப் பார்த்தாரா, காதைப் பார்த்தாரா, அடுக்களைப் பக்கம் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"ஆமா ஆமா. இப்ப நினைவு வருது. ஐயாவும் அண்ணனும் மஞ்சத் துணியில கட்டிக் கொண்டாருவாக. மஞ்சத் துணிதான், நல்லா நினைவு இருக்கு" என்றார். மகனைக் கூப்பிட்டு, "ஏலே, சந்தைக்கு ஓடு. அரிசியோட ஒரு மஞ்சத் துணியும் வாங்கிட்டு வா" என்றார்.

மஞ்சள் துணியை நாம் நினைக்கவே இல்லையே! அன்றைக்கு அரங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நீங்களும் நானும் சிரித்த சிரிப்பில் பானை உருண்டிருக்கும். மனிதர் புரிந்துகொண்டு சொன்னாரா, வயதாகிப்போய் உண்மையிலேயே நினைவு வந்ததாக நம்பினாரா என்று வருஷா வருஷம் நாம் வாதம் பண்ணினோம். நீங்கள் புரிந்துதான் சொன்னார் என்பீர்கள். நான் இல்லை என்பேன்.

உங்கள் தம்பி டிப்போவிலிருந்து வந்து, நடுவீட்டில் அரிசி குவிந்திருப்பதைப் பார்த்துத் திகைத்தார். "ஐயா காலத்து வழக்கம்லே. உனக்கு முன்னால பொறந்தவளுக்குத் தெரியாதா?" என்று ஒரு போடு போட்டீர்கள். சாரல் முடிந்த அந்த ஆவணியில் மூன்றாவது பானையின் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. வயல் ஒத்திக்குப் போகவில்லை. மறு வருஷம் தாங்களாகவே எல்லாரும் கொண்டுவந்தார்கள். சொந்தம் ஒன்றும் குறையவில்லை, யாரும் முகம் கோணவில்லை. யுத்தத்தில் அரிசிக்குக் கார்டு வந்தபோதுகூட விடவில்லை. உங்கள் மருமகன் அரிசி கிடைக்காமல் கம்பை மஞ்சள் துணியில் கட்டி வந்தாரே. பாதிச் சம்பளம் முக்கால் ஆகி, முழுசும் ஆயிற்று. நான் பானைக்கு முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதலில் வந்த மூட்டை உங்களுடையதுதான்.

இந்த வருஷம் அது வரவில்லை. மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். மதுரை மூட்டை வந்து வைத்த பிறகும் நடுவீடு எனக்குக் காலியாகத்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அரங்குக்குள் போனேன். வடகரை வயல் அரிசியில் ஒரு மரக்கால் அளந்தேன். மஞ்சள் துணியில் கட்டி, கொல்லை வழியாக வெளியே போய்த் தெருவைச் சுற்றி, சாரலில் நனைந்துகொண்டு வாசல் வழியாக வந்தேன். உங்கள் மூட்டை இருக்கும் இடத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

புதுப்பெண் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். உங்கள் தம்பி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வீட்டுக்காரி எதுக்கு அரிசி கொண்டாரா?" என்று கேட்டார்.

நான் கண்ணைத் துடைக்காமலே சொன்னேன்: "வழக்கம்தான். பொறந்த பொண்ணு போயிட்டா, அவ பேருக்கு அவ தம்பி பொண்டாட்டி கொண்டாரணும். உங்க ஐயா காலத்துல இருந்து அப்படித்தான்."

அவர் மூட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஆமா ஆமா. இப்ப நினைவு வருது" என்றார்.

பிறகு எழுந்து வந்து, உங்கள் மூட்டையை அவரே அவிழ்த்து, குற்றாலநாதருக்கு முதல் கைப்பிடியை எடுத்து வைத்தார்.