பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

மே 6, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மெரிலேண்ட்ஸில் சிவம் அங்கிள் வீடு. பக்கவாதத்துக்குப் பின் அவருக்கு இடது பக்கம் இன்னும் சரியாகவில்லை. தெரபிஸ்ட் கேரன் எழுதிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்ய வைப்பது மட்டும்தான் உதவியாளரான என் வேலை.

அங்கிளின் மனைவி பத்மா அன்ரி குளியலறைக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, இந்தக் கதிரை பதிவாக் கிடக்கு. இவருக்கு எழும்ப ஏலாமல் இருக்கு. கொஞ்சம் உயர்த்தி விடுவீங்களே?"

கேரனைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சென்னையில் ஒன்பது வருடம் தெரபிஸ்டாக இதையே செய்தவள். நாற்காலிக் கால்களை இரண்டு துளை ஏற்றினேன். அங்கிளை உட்கார வைத்துப் பார்த்தேன். பாதம் தரையில். வந்து போகிறவர்கள் குறிப்பெழுத அந்த வீட்டில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பால், கொத்தமல்லி வாங்க மறந்தாயிற்று.

மே 7, புதன்

ரயிலில் திடீரென்று ஞாபகம். நோட்டில் என் பெயருக்குப் பின்னால் 'ஓ.டி.' என்று போட்டிருக்கிறேன். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கைப்பழக்கம். இந்த நாட்டில் பதிவு பெறாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். என் பதிவு விண்ணப்பமோ இப்போது பதிவு அலுவலகத்தின் பரிசீலனையில்.

செந்திலிடம் சொன்னேன். பெண்டாட்டி பக்கம் திரும்பாமல் தோசையைத் திருப்பிக்கொண்டே பதில். "யாரு பாக்கப் போறாங்க? அடுத்த தடவ போறப்ப அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டு வந்துடு."

மே 8, வியாழன்

கேரன் போன். அங்கிள் இன்று காலை குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பில் எக்ஸ்ரே எடுக்கிறார்களாம். "நாளைக்கு நான் போய்ப் பார்க்கிறேன், நீயும் வா" என்றார். சரி என்றேன். நாற்காலியை உயர்த்தியதைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

பிறகுதான் உறைத்தது. செவ்வாயன்று அங்கிள் காலில் கனத்த செருப்பு. குளிக்கும்போது வெறுங்கால். குதிகால் தரையை எட்டியிருக்காது. முதல் வருட மாணவிகூடச் செய்யாத தப்பு.

பயங்கள்: இடுப்பு எலும்பு. கையெழுத்து. பதிவு. வேலை. விசா.

அங்கிளின் எலும்பை முதலில் எழுதியிருக்கிறேனே என்று ஒரு கணம் ஆறுதல். அது இன்னும் கேவலம்.

மே 9, வெள்ளி

கேரனுக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டேன். எதற்கென்று எனக்குத் தெரியும்.

எலும்பு முறியவில்லை. தொடை முழுக்கக் கன்றிப்போய் அங்கிள் படுக்கையில். அன்ரி குரலைத் தணித்தார். "கதிரையை நாங்களே உயர்த்தினது எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டன். உங்கட அலுவல் கெடக் கூடாது. நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம், பிள்ளை." டீ போடச் சமையலறைக்குள் போனார்.

நோட்டு மேசைமேல். பக்கத்தைப் பிடித்துவிட்டேன். மேல் ஓரம் கொஞ்சம் கிழிந்தும் விட்டது. உள்ளே அங்கிள் புரண்டு முனகினார். கையை எடுத்தேன்.

வாசலில் கேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கிழிசல் உட்பட. அவர் நோட்டைப் படித்தார். திட்டவில்லை. "அந்த இரண்டு எழுத்தை ஒரே கோடாக அடி. பக்கத்தில் தேதி போடு. அறிக்கை நான் எழுதியாக வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு நீயே எழுது. என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது."

அன்ரி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

மே 12, திங்கள்

பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. ஆறு வரி. எழுத மூன்று மணி நேரம். செந்தில்: "நீயாப் போய் மாட்டிக்கிட்ட." அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 3, செவ்வாய்

குளிர். பரமட்டா ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கும்போது பதிவு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். திறக்கப் பயந்து போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு திறந்தேன். விண்ணப்பம் தள்ளப்படவில்லை. ஆறு மாதம் மேற்பார்வையில் வேலை. அதுவரை எந்த வீட்டுக்கும் தனியாகப் போகக் கூடாது. சரி என்று பதில் போட்டேன். அதற்குள் மூன்று ரயில் போய்விட்டது.