ஆஷ் வைரஸ் பிறந்த வருஷம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே மானம் போச்சு. மகள் இளமதி அறைக்குள் யாரிடமோ போனில், "தண்ணி டேங்க்லதான் ஆரம்பம். மூணாம் நாள் கண்ணு வெளுத்துரும், நாலாம் நாள் பக்கத்துல இருக்கவங்களக் கடிச்சிருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிக்கு ஓடி டேங்கைத் திறந்துவிட்டேன். பிளீச்சிங் பவுடர் கொட்டினேன். பக்கத்து வீட்டு அடைக்கலத்தையும் எச்சரித்தேன். அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார். ஒன்பது மணிக்கு வாசலில் கூட்டம். மகள் வந்து, "அப்பா, அது கேம்" என்றாள். அடைக்கலம் இப்போது என்னை டாக்டரே என்று கூப்பிடுகிறார்.

ஜூன் 5

ஏழு பாகம் வந்த பேய் கேமாம். அதில் ஆஷ் வைரஸ் என்று ஒரு வியாதி. இல்லாத வியாதி. அது எந்த வருஷம் யாருக்கு வந்தது, அவரிடமிருந்து யாருக்குப் போனது என்று மூன்று வருஷமாக இன்டர்நெட்டில் பட்டியல் எழுதுகிறாள், பி.எஸ்சி. முடித்த பிள்ளை. 22-ம் தேதி கிளார்க் பரீட்சை. வாங்கிக் கொடுத்த புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

ஜூன் 8

முதல் பாகத்தில் வைரஸ் பிறந்தது 1974. நாலாம் பாகத்தில் ஒரு டாக்டர் 1968-லேயே அது வந்து சாகிறார். "பொறக்காத வியாதில எப்படிப்பா சாவாரு?" நான்தான் அவரைக் கொன்ற மாதிரி கேட்கிறாள்.

"விடும்மா, வியாபாரம்னா முன்னப்பின்ன இருக்கும். நான்கூட எல்லாத் தென்னங்கன்றுக்கும் ஒரே தாய்மரத்தைச் சொல்லித்தான் விக்கிறேன்."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 9

மகள் சாப்பிட வராததற்கு அவள் அம்மா சொர்ணவல்லி என்னை முறைக்கிறாள். நானா வைரஸைப் பெற்றேன்? மகளை மட்டும்தான்.

ஜூன் 13

கேம் கம்பெனிக்காரர்கள் இவள் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். எட்டாம் பாகத்தில் தேதி இடிக்காமல் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். பெங்களூரிலிருந்து போனில் இன்டர்வியூ. எப்போது? 22, ஞாயிறு, காலை பத்து. பரீட்சை ஒன்பதரைக்கு, புதுக்கோட்டையில்.

நல்லா வாச்சுது.

வேறு நாள் கேட்டு மெயில் போட்டிருக்கிறாள். "பதில் வரலன்னா என்னப்பா செய்ய?"

"பரீட்சைதான். இதுல என்ன கேள்வி?"

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "சரிப்பா" என்று போய்விட்டாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 17

ஒருவேளை பதில் வந்தால் என்று தயார் பண்ணுகிறாள். கேள்வி கேட்க ஆள் வேண்டுமாம். நான் கம்பெனிக்காரன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டேன்: "1968-ல செத்த டாக்டரை என்ன பண்ணப் போறீங்க?"

"அவருக்கு வந்தது ஆஷ் இல்ல சார், அதுக்கு முந்தின காய்ச்சல். மூணாம் பாகத்துல ஒரு கடுதாசில அது பேரு வருது, யாரும் கவனிக்கல. இப்ப டாக்டரும் பொய்யில்ல, எழுபத்திநாலும் பொய்யில்ல."

வாயைத் திறந்தபடி இருந்தேன். கன்று வாங்க வந்தவர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். இந்தக் கிறுக்குத்தனத்துக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 20

பதில் இல்லை. "நீங்க ஏம்பா என் போனை எட்டி எட்டிப் பாக்குறீங்க?" என்கிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை வரை பைக்கில் போனோம். நான் டயரைப் பற்றிப் பேசினேன். ஹாலுக்குள் போன் கூடாது. கேட்டில் என் கையில் கொடுத்தாள். "சார்ஜ் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

எதிரே டீக்கடை. சரியாகப் பத்துக்கு அடித்தது. எடுத்து என்ன சொல்ல? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் உர மூட்டையில் அச்சடித்திருப்பது மட்டும்தான். கைக்குள் துடித்து நின்றது. திரும்ப அடித்தது.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாள். பரீட்சை சுமார். போனை வாங்கிப் பார்த்தாள். "நாலு தடவ கூப்பிட்டிருக்காங்கப்பா." கோபமில்லை. திரும்பப் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

"டீ குடிக்கிறியாம்மா?"

"ம்."

குடித்தோம். நன்றாகவே இல்லை, இன்னொன்று சொன்னேன்.

இரண்டாம் தடவை அடித்தபோதே ரோட்டைத் தாண்டி ஓடி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளையை வெளியே அனுப்புங்க, பரீட்சை வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் கெஞ்சியதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.