நீ சவூதி என்று சொன்ன ஊர்

இல்லை, உன் முகத்தை முழுதாக ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

வீட்டில் சுவருக்குப் பட்டி தேய்க்கிறார்கள். பெயிண்டர் மூக்கை மறைத்துத் துண்டு கட்டியிருக்கிறார். புருவமெல்லாம் வெள்ளை. அந்தத் தூசி வாசனையில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போகிறேன், இறங்குகிறேன்.

விருத்தாசலத்து செராமிக் கம்பெனியில் நீ மண் அரைத்தாய். நான் பி.ஏ. முடித்துவிட்டுப் பொம்மைகளுக்குக் கண் எழுதினேன். உன்னை எல்லோரும் குமார் என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தூசிக்காக முகத்தில் கட்டிய துணியை அவிழ்ப்பார்கள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிடுவாய்.

"மொவத்தக் காட்டுனா தேஞ்சா பூடும்?"

"பாத்தா ஓடிப் பூடுவ."

"ஓடுறவளா இருந்தா இந்தத் தூசியில நிப்பனா?"

சிரிப்பு கண்ணில் மட்டும் தெரிந்தது. அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

கல்லூரியில் ஒரு கிரேக்கக் கதை படித்திருந்தேன். கணவன் இருட்டில் மட்டும் வருவான், முகம் பார்க்கக் கூடாது. அவள் விளக்கேற்றிப் பார்த்துவிடுகிறாள், அவனை இழக்கிறாள். நான் எதையும் ஏற்றவில்லை. உன் அம்மா வந்தார்.

மங்கலம்பேட்டையிலிருந்து, ஊறுகாய் ஜாடி வாங்க. அவர் யாரென்று எனக்கு அப்போது தெரியாது. முதலாளி உன்னிடம் ஜாடியைக் கட்டித்தரச் சொன்னார். நீ வைக்கோல் சுற்றினாய். உன் அம்மா உனக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில். உன் முகத்தில் துணி, புருவமெல்லாம் மண் மாவு.

"பாத்துக் கட்டு தம்பி. எம் புள்ள சவூதியில இருக்குறான். வந்தா எலுமிச்ச ஊறுகாதான் கேப்பான்."

நீ தலையாட்டினாய்.

"என்னாம்மா, இந்தப் புள்ளைக்கு வாய் பேச வராதா?" என்று என்னிடம் கேட்டார்.

"கூச்சங்க" என்றேன்.

அவர் போன பிறகு துணியை இழுத்து அவிழ்த்தாய். கண்ணீரில் மண் மாவு குழைந்து கன்னத்தில் வழிந்தது. அழகான முகம். அதைப் பார்க்க எனக்கு அவகாசம் இல்லை. நீ சொல்லிக்கொண்டே போனாய். சவூதிக்கென்று தெருவே வந்து உன்னை பஸ் ஏற்றிவிட்டது. ஏஜெண்டு பம்பாயில் இறக்கிவிட்டு மறைந்துபோனான். திரும்பிப் போய் நிற்க வெட்கம். குமார் என்பது உன் பெயரே இல்லை. ஜங்ஷன் பக்கத்து பூத்திலிருந்து, சவூதி என்று சொல்லி வீட்டுக்குப் பேசுவாய். ஒருமுறை ரயில் ஊதிவிட்டதாம். "அங்க ரயிலு இருக்குதாடா?" "இருக்குதும்மா." சொல்லும்போது நீயே சிரித்துவிட்டாய்.

"அப்ப நாம?" என்றேன்.

"நான் இன்னும் எங்க வூட்டுக்கே போயி சேரல. உங்க வூட்டுக்கு எப்புடி வர்றது? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு உண்மையான விசா கிடைத்தது. வீட்டுக்குப் போகாமலே உண்மையான சவூதிக்குப் போனாய். அங்கிருந்து என்னோடு பேசினாய். ஒரு நாள் பேச்சு நின்றது. நீ தந்திருந்த வீட்டு எண்ணுக்கு அடித்தேன். உன் அம்மாதான் எடுத்தார்.

"கட்டடத்துச் சாரம் சரிஞ்சு மவுத்தாயிட்டான்மா. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. பஸ்ஸு ஏத்திவுட்டப்ப பாத்ததுதான். அப்புறம் எம் புள்ள மொவத்த நான் பாக்கவே இல்ல. நீ யாரும்மா?"

வைத்துவிட்டேன்.

உனக்கு இனி வெட்கம் கிடையாது. நான் கொடுத்த வாக்கு மட்டும் மிச்சம். பிள்ளை பக்கத்து ஊரில்தான் இருந்தான் என்றால் அவருக்கு ஆறுதலா? எதிரே நின்றவனைத் தெரியாமல் போனேனே என்று உடைந்துபோவாரா? மாடி ஏறும்போது சொல்லலாம் என்று தோன்றும். இறங்கும்போது வேண்டாம் என்று.

நேற்று எழுதியதை இந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

இன்று காலை மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினேன். உன் அம்மா கதவைத் திறந்தார். முதலில் நான் யார் என்று சொன்னேன். பிறகு, நீ எங்கே இருந்தாய் என்று.