கோட்டுக்குள் அடங்கிய குழி

அப்பா,

அண்ணனின் காற்சட்டையை இன்று நான்தான் துவைத்தேன். தண்ணீர் பட்டதும் அந்த வாசனை எழும்பியது. வெயில் படாத களிமண்ணும் பம்பு எண்ணெயும் கலந்த வாசனை. நீங்கள் வேலை விட்டு வந்ததும் நம் தோட்ட லயத்து அறை முழுக்க நிறைகிற வாசனை. பெல்மதுளையில் வாகனம் கழுவும் இடத்தில் வேலை என்றுதான் அண்ணன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

"மாணிக்கக் குழிக்குத்தானே போற?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா காதுல விழுந்துச்சு, நீ செத்த," என்றான். பிறகு குரலைத் தணித்து, "மழையில எறங்க மாட்டோம்," என்றான். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். மழை விடவில்லை. நாளைய பரீட்சைக்காக எடுத்த புவியியல் புத்தகம், நீங்கள் கேலி செய்த அதே பக்கத்தில் திறந்து கிடக்கிறது.

அன்று பூமியின் அடுக்குகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். மேலே புவியோடு, அதற்குக் கீழே இடையோடு, நடுவில் கோளவகம். நீங்கள் சோற்றைப் பிசைந்தபடியே, "புவியோடயா? யாரு புள்ள புவியோட போறது?" என்று கேட்டீர்கள். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. "ஓடுப்பா, முட்டை ஓடு மாதிரி," என்றேன். உள்ளே போகப் போகச் சூடு என்பதை நீங்கள் நம்பவே இல்லை.

"நாங்க போனா குளிர்ல வெறைக்குது. ஒங்க டீச்சர் எறங்கிப் பாத்தாங்களாமா?"

"யாருமே எறங்கலப்பா. பூமி நடுங்குறப்ப அந்த அதிர்வு எங்க வளையுது, எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்றாங்க."

"தேங்காயத் தட்டிப் பாக்குற மாதிரியா? அப்ப சரி."

பிறகு உங்கள் குழியைப் புத்தகத்துப் படத்தில் காட்டச் சொன்னீர்கள். பென்சிலை எவ்வளவு கூராகச் சீவியும் முடியவில்லை. புவியோட்டைச் சுற்றிப் போட்டிருந்த கோட்டின் தடிப்புக்குள்ளேயே அப்படி எத்தனையோ குழிகள் அடங்கிவிடும். "இவ்வளவுதானா? இதுக்கா ஒங்கம்மா இந்தப் பயம் பயப்படுறா," என்று சிரித்தீர்கள். அன்று முதல் நானும் பயப்படவில்லை. அப்பா ஆழத்துக்குப் போவதே இல்லை என்று நினைத்து நன்றாகத் தூங்கினேன்.

அந்தக் கோட்டுக்குள்தான் அப்பா, ஒரு மழை நாளில் குழியின் பக்கச் சுவர் சரிந்தது. இருட்டும்வரை எல்லோரும் மண் அள்ளியும் உங்களை உயிரோடு எடுக்க முடியவில்லை.

பரீட்சையில் அடுக்குகளைப் பிழையில்லாமல் எழுதிவிடுவேன். புத்தகத்துக்கு உங்கள் குழி ஆழமே இல்லை. எனக்கு அதைவிட ஆழமான இடம் ஒன்றும் தெரியாது.

அப்போதெல்லாம் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தால் குழிக்கு மேலே நின்று கூப்பிடுவேன். கீழேயிருந்து உங்கள் "ம்" வரும்வரை அங்கிருந்து நகரமாட்டேன். அந்தக் காத்திருப்பு இன்னும் என்னை விடவில்லை. அண்ணன் தூங்கும்போதுகூட அவன் மூச்சு கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னால் அடிப்பான். அதற்குப் பிறகு என்னோடு பேசவும் மாட்டான். பேசாமல் வீட்டில் இருக்கட்டும்.

அண்ணன் எழுந்துவிட்டான். இருட்டில் செருப்பைத் தேடுகிறான். நான் அம்மாவை எழுப்பப் போகிறேன்.