தலை சீவாமல் போனேன்

அம்முணிக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாதமே உனக்கு இருந்த அதே கால் எரிச்சலும் எழவிடாத அசதியும் எனக்கும் வந்துவிட்டது.

நீ எப்போதும் பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவாய். "கல்யாணத்துக்குப் போறாப்பல வந்திருக்கறீங்க, உங்களுக்கு என்னங்க நோவு?" என்று டாக்டர் சிரிப்பார். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை தருவார். கடைசி வரைக்கும் அதுதான் தந்தார்.

அதனால் நேற்று நான் தலைகூடச் சீவாமல் போனேன். "எம்புள்ளைக்கு இருந்த அதே நோவுங்க" என்றேன்.

"பொண்ணு போன துக்கமுங்கம்மா. எல்லாம் மனசுதான்" என்று எனக்கும் சத்து மாத்திரையே எழுதினார்.

இனி எப்படிப் போய் நின்றால் நம்புவார்கள், அம்முணி?

உன் அம்மா